ரெட்டைப்பனைக்குப் பின்வீட்டு வானதி

வானதியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், இந்தச் சவுக்குக்குப்பத்தில் அவளை என்னைவிட உன்னிப்பாகக் கவனித்தவர்கள் யாரும் இல்லை என்பதுதான் பதில். ஆறு வருஷமாக அவள் வீட்டு வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று தினமும் காலையில் எட்டிப் பார்க்கிறேன். என்ன மீன் பொரிக்கிறாள் என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். இதற்குப் பாசம் என்று பெயர் இல்லை, பொறாமை என்றுதான் பெயர். எழுதுகிற இடத்திலாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் விஜயலட்சுமி. குத்தாலத்துக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊரில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் பஞ்சநதம் பதினான்கு வருஷம் சிங்கப்பூரில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, நடவுக்கு ஆள் இல்லை, கடைமடைக்குத் தண்ணீர் இல்லை என்று இரண்டு போகம் புலம்பினார். மூன்றாவது போகத்துக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தரங்கம்பாடிக்குத் தெற்கே இந்த மீனவர் குப்பத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு துண்டு பட்டா நிலம் வாங்கினார். அதில் ஒன்பது அறை கட்டி, எட்டடி போர்டில் என் பெயரையே எழுதி மாட்டினார். விஜயலட்சுமி பீச் லாட்ஜ். பெரிய ஓட்டலில் தங்கக் கட்டுப்படியாகாதவர்கள் இங்கே வருவார்கள் என்பது அவருடைய கணக்கு.

எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் வாய்க்கால் தண்ணீர். மடையைத் திறந்தால் வரும், அடைத்தால் நிற்கும். கடலைப் பார்த்தபோது, வரப்பே இல்லாமல் இத்தனை பெரிய பரப்பு வீணாகக் கிடக்கிறதே என்றுதான் தோன்றியது. நிலத்தின் கடலோர மூலையில் இரண்டு பனைமரங்கள் நடுவில் சின்ன இடைவெளி விட்டு ஜோடியாக வளர்ந்து நின்றன. அவற்றுக்கு ஊரில் ரெட்டைப்பனை என்று பெயர். லாட்ஜின் இரண்டு மாடிக்கும் மேலே அவை நின்றதைத் தவிர அப்போது நான் அவற்றை வேறு எதற்கும் கவனிக்கவில்லை.

லாட்ஜுக்கு நேர் பின்னால் சுனாமிக் குடியிருப்பு. அதில் முதல் வீடு வானதியுடையது. ஆனால் நான் அவளை முதலில் பார்த்தது இங்கே இல்லை, குத்தாலத்துப் பக்கம் எங்கள் தெருவில்தான். அவளுக்குக் கல்யாணமான புதிதில், விடிகாலை பஸ் ஏறி, தலையில் அன்னக்கூடையோடு எங்கள் ஊர்வரை மீன் விற்க வருவாள். வாசலில் நிற்க வைத்துப் பேரம் பேசுவேன். நான் கேட்ட விலைக்குத் தராவிட்டால், நேற்றைய மீன்தானே இது என்று செவுளைப் பிடித்து இழுத்துக் காட்டுவேன். தண்ணீர் கேட்டால் கொல்லைக் குழாயைக் கை காட்டுவேன். ஒருநாளும் உட்கார் என்று சொன்னதில்லை. மீன்காரியை யார் உட்காரச் சொல்வார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்திருப்பேன்.

அவள் கதையை அவள் வாயால் நான் கேட்டதில்லை, குப்பத்தில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். சுனாமி வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அம்மா கரையில் உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தாள், போய்விட்டாள். அப்பா அந்த நேரம் நடுக்கடலில் இருந்ததால் பிழைத்தார். தகரக் கொட்டகையில் இரண்டு வருஷம் இருந்து, பிறகு சமையலும் மீன் கூடையும் அவள் தலைக்கு வந்தன. இருபது வயதில் கோவிந்தராசுவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் சின்ன ஃபைபர் படகில் தூண்டில் போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் காற்றைப் பற்றித்தான் பேசுவார்.

அவள் அறை வாடகைக்கு விட ஆரம்பித்ததற்குக் காரணம் நான்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கையைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். லாட்ஜ் திறந்து மூன்றாவது மாதம், நல்ல மழையில் ஒரு பெண்ணும் பையனும் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்து நின்றார்கள். பெண்ணின் பெயர் ஸ்ம்ருதி. பெங்களூரில் வேலை, மெட்டி இல்லை, தாலி இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா, அதற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். எங்கள் பக்கத்து லாட்ஜ்களில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். பின்னால் வானதி துணி எடுக்க வெளியே வந்தவள், இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தாள். தானும் புருஷனும் சமையல்கட்டில் படுத்துக்கொண்டு, இருந்த ஒரு அறையை அவர்களுக்குக் கொடுத்தாளாம். விதைத்தது நான், அறுத்தது அவள்.

அந்தப் பெண் ஊருக்குப் போய் சும்மா இருக்கவில்லை. வானதி வீட்டைப் படம் பிடித்து, மீன் குழம்பைப் படம் பிடித்து, எங்கெங்கோ எழுதிப் போட்டுவிட்டாள். அடுத்த மாதமே நாலு பேர் தேடிக்கொண்டு வந்தார்கள். வானதி மேலே சிமெண்டு ஷீட் போட்டு ஒரு அறை எடுத்தாள், பக்கவாட்டில் இன்னொன்று. கழிப்பறை வெளியேதான். வெந்நீர் வேண்டுமானால் குடத்தில் சுமந்து தருவாள். என் லாட்ஜில் அறைக்கு அறை குளியலறை உண்டு, டிவி உண்டு. சுவரில் மயில் படம் போட்ட டைல்ஸ் உண்டு. இத்தனை இருந்தும் என் வாசலில் இரண்டு செருப்பு கிடந்தால் அவள் வாசலில் எட்டுக் கிடக்கும்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரைக் கேட்டே விட்டேன். மீன்தான் என்றார். கோவிந்தராசு கொண்டுவருகிற சங்கராவும் களவாவும் படகில் துள்ளிக்கொண்டு வரும், அது கண்ணெதிரே குழம்பாகும் என்றார். அத்தோடு கரைவலையும் இழுக்கலாம் என்றார்.

கரைவலை இந்தக் கரையில் பழைய வழக்கம். வலையைக் கடலுக்குள் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு கயிற்று முனையையும் கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுப்பார்கள். கயிற்றில் கை வைத்தவர் யாரானாலும் அவருக்கு ஒரு பங்கு மீன் உண்டு. வழிப்போக்கனுக்கும் உண்டு, வெள்ளைக்காரனுக்கும் உண்டு. வானதி தன் வீட்டில் தங்குகிறவர்களைக் காலையில் எழுப்பி அங்கே கூட்டிக்கொண்டு போவாள். அவர்கள் உள்ளங்கை சிவக்க இழுத்துவிட்டு, பங்காகக் கிடைத்த ஒரு கை நெத்திலியை ஏதோ பரிசு வாங்கின மாதிரி ஏந்திக்கொண்டு என் லாட்ஜைத் தாண்டிப் போவார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. வலைக்காரர்களிடம் போய், என் லாட்ஜில் தங்குகிறவர்கள் வயசானவர்கள், இழுக்கமாட்டார்கள், பணம் தருகிறேன், அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். காசு கொடுத்தால் அதற்குப் பெயர் வியாபாரம், பங்கு இல்லை என்று ஒருவர் சொன்னார். சரி, சமையலிலாவது ஜெயிப்போம் என்று நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வரவழைத்துக் குழம்பு வைத்தேன். வாய்க்கால் கெண்டைக்குப் போடுகிற புளியைக் கடல் மீனுக்குப் போட்டுவிட்டேன். சாப்பிட்டவர்கள் தண்ணீர் கேட்டார்கள், சோறு கேட்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. வானதி வீட்டுக்கு போர்டு கிடையாது. போனில் வழி கேட்கிறவர்களிடம், பஸ்ஸை விட்டு இறங்கினால் ரெட்டைப்பனை தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், பின்வீடு என்பாள். அவர்கள் பனையைப் பார்த்துக்கொண்டே நேராக என் கேட்டுக்குள் வந்து நிற்பார்கள். பையும் கையுமாக வருகிறவர்களைப் பார்த்து நான் வாங்க வாங்க என்று எழுந்து போவேன். அவர்கள் வானதி வீடு இதுதானே என்பார்கள். என் நிலம், என் மரம், அவளுக்கு அது விளம்பரம். போன வருஷம் தை மாதம் அந்த ஸ்ம்ருதியே வந்தாள், இந்தத் தடவை தாலியோடு. என்னை அடையாளம் தெரியவில்லை. பனையை அண்ணாந்து பார்த்துவிட்டு, வானதி அக்கா இருக்காங்களா என்று என்னிடமே கேட்டாள்.

அந்த வாரமே ஆள் பிடித்தேன். பனையை வெட்ட அரசாங்கத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். வேண்டாம், அது பாட்டுக்கு நிற்கட்டும் என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. கடல் நன்றாகத் தெரிந்தால்தான் நம் லாட்ஜுக்கு ஆள் வரும் என்றேன். ஒரு புதன்கிழமை காலையில் காதும் காதும் வைத்தாற்போல ஆரம்பித்து, பதினோரு மணிக்குள் இரண்டு மரத்தையும் சாய்த்தாகிவிட்டது. முதல் மாடி வராந்தாவிலிருந்து கடல் அப்படியே திறந்து கிடந்தது. எனக்கு ஏதோ கண்ணில் விழுந்த தூசியை எடுத்தமாதிரி இருந்தது.

அன்றைக்குக் கோவிந்தராசு கரைக்கு வர வழக்கத்தைவிட வெகுநேரமாயிற்று. வடக்கே அடுத்த குப்பத்தில் போய் ஏறி, பிறகு கரையோரமாகவே படகை ஓட்டிக்கொண்டு வந்தாராம். ஈரக் காலோடு என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். வெட்டிய இரண்டு அடிமரங்களையும் பார்த்தார். திரும்பி என் மொட்டைமாடியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். என் லாட்ஜுக்குக் கிடைத்த அழகைப் பார்த்து மனுஷனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். பொறாமைக்காரிக்குப் பார்க்கிற முகமெல்லாம் பொறாமையாகத்தானே தெரியும்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதமும் எனக்கு நல்ல காலம். வானதி வீட்டுக்கு வருகிறவர்கள் வழி தெரியாமல் சுற்றினார்கள். அதில் சிலர் அலுத்துப்போய் என்னிடமே அறை எடுத்தார்கள். அதைவிட முக்கியம், அவள் வீட்டுச் சமையலறையிலிருந்து மீன் வாசனை வருவது குறைந்தது. கோவிந்தராசு விடியுமுன் போய் மத்தியானம் வெறும் பெட்டியோடு வருவார். வானதி முட்டைக் குழம்பு வைக்கிறாள் என்று தெரிந்தது. சங்கரா கிடைக்கும் என்று வந்தவர்கள் ஒரு நாள் தங்கிவிட்டுக் கிளம்பினார்கள். செருப்பு எட்டிலிருந்து நாலானது, நாலிலிருந்து இரண்டானது. கடலில் மீன் குறைந்துபோச்சு போல என்று நான் ஊருக்கெல்லாம் வருத்தத்தோடு சொன்னேன். மனசுக்குள் எனக்குத் தீபாவளி.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு வானதி என் கேட்டில் வந்து நின்றாள். மரத்தைப் பற்றிச் சண்டை போட வந்திருக்கிறாள், அல்லது தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கப்போவதாகச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, பதிலை யோசித்துக்கொண்டே போனேன்.

"உங்க மொட்டைமாடியில ரெண்டு கம்பு நட்டுக்கலாமாக்கா?" என்றாள்.

துணி காயப்போட அவளுக்கே இடம் இருக்கிறதே என்றேன். தெருவில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"துணிக்கு இல்லக்கா. கடல்ல போறவங்களுக்கு அடையாளம் கரையிலதான் இருக்கு. ரெட்டைப்பனைக்கு நடுவுல மாரியம்மன் கோயில் கோபுரம் தெரியணும். தெக்கால சவுக்குத்தோப்பு முனை வந்து உப்பனாத்து வாயை மறைக்கணும். ரெண்டும் ஒண்ணா அமையிற எடத்துல, கீழ ஒரு பாறைத் திட்டு இருக்கு. பார்னு சொல்லுவோம். சங்கரா, களவா எல்லாம் அங்கதான் அடையும். எங்க மாமனாரு கண்டு வெச்சது. வேற யாருக்கும் தெரியாது."

அவளே தொடர்ந்து சொன்னாள். பனை விழுந்த அன்றைக்கே கோபுரத்துக்குக் கோடு போய்விட்டது. கோபுரம் தனியாக நின்று என்ன பிரயோசனம்? அரை மைல் தள்ளி நின்று பார்த்தாலும் அது அதே மாதிரிதான் தெரியும். மூன்று மாதமாக அவர் மணல்மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். லாட்ஜையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அது அகலம் என்றாள். ஜிபிஎஸ் இருக்கிறதே, வாங்கினால் என்ன என்றேன். பெட்டியில் ஏற்றினால் அடுத்த படகுக்காரன் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடுவான், கண்ணில் இருப்பதை யாரும் பார்க்க முடியாது என்றாள்.

"வெட்டின அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா பார் இருக்கிற எடம் ஊருக்கே தெரிஞ்சிடுமேக்கா. அதான் அவரு வந்து பாத்துட்டுப் பேசாம போனாரு. இப்ப போட்டை விக்கப் போறேங்கிறாரு. மங்களூர் போய் விசைப்படகுல கூலிக்கு நிக்கிறேங்கிறாரு. அவரு போயிட்டா மீனும் இல்ல, ரூமும் இல்ல. நான் திரும்பக் கூடையத் தூக்கணும். வேற வழி இல்லாமதான் உங்ககிட்ட சொல்றேன்."

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கேட்டின் வெளியே நின்றபடியே பேசிவிட்டுப் போனாள். அப்போதும் நான் உள்ளே வா என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரில் என் அப்பாவுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் ஒரு தகராறு இருந்தது. அந்த மனுஷர் ஒரு கோடையில் சர்வே கல்லைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டுவிட்டார். தாசில்தார்வரை போய் கல் பழைய இடத்துக்கு வந்தது. ஆனாலும் அப்பா சாகிறவரை அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. திருடினவனைக்கூட மன்னிக்கலாம், எல்லைக்கல்லைப் பிடுங்கினவன் கை விளங்காது என்பார். அந்த அப்பாவுக்குப் பெண்ணாகப் பிறந்த நான், கடலில் வரப்பே இல்லை என்று நினைத்திருக்கிறேன். அதற்கும் எல்லைக்கல் உண்டு, அது என் நிலத்தில் நட்டிருந்தது, நானே ஆள் வைத்துப் பிடுங்கியிருக்கிறேன்.

இப்படி நினைத்தவுடன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோவிந்தராசு மங்களூர் போவார், வானதி கூடையைத் தூக்குவாள், என் ஒன்பது அறையும் நிறையும். இத்தனை வருஷமாக நான் வேண்டிக்கொண்டது கேட்டுக்கே நடந்து வந்து நிற்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வெட்டினது நீ. பதிலையும் நீயே சொல்லு" என்றார்.

மூன்றாம் நாள் காலை மொட்டைமாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தேன். கீழே மணலில் கோவிந்தராசுவின் படகைச் சுற்றி நாகப்பட்டினத்துத் தரகர் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். படகின் அடிப்பகுதியில் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். கோவிந்தராசு அந்தப் பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்து நின்றார். வானதி சற்றுத் தள்ளி நின்றாள். எங்கள் தெருவில் நான் செவுளைப் பிடித்து இழுத்துக் காட்டும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"வானதி, கம்பைக் கொண்டாந்து நடு" என்று மாடியிலிருந்தே கத்தினேன்.

அது முழுக்க நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் போய்விட்டால் நான் காலையில் எழுந்து யார் வீட்டுச் செருப்பை எண்ணுவது என்ற யோசனையும் அதில் இருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்பே கோவிந்தராசு கடலுக்குப் போய்விட்டார். இந்தத் தடவை தூண்டில் இல்லை, ஈயக்குண்டு கட்டின கயிறு. பழைய ஞாபகத்தில் ஏறத்தாழ அந்த இடத்துக்குப் போய்க் குண்டை இறக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். மணலில் விழுந்தால் மொத்தென்று இருக்கும், பாரில் விழுந்தால் கையில் தட்டும். நானும் வானதியும் மாடியில் காத்திருந்தோம். கம்பு வெறுமனே இருந்தால் தூரத்துக்குத் தெரியாது என்றாள். பீரோவிலிருந்து என் அரக்குச் சேலை ஒன்றை எடுத்துவந்து இரண்டாகக் கிழித்து, இரண்டு கம்பிலும் கட்டினேன். பழைய சேலை போதுமே என்று அவள் சொன்னாள். பழசு வெளுத்துப்போயிருக்கும், தெரியாது என்றேன்.

பத்தரை மணிக்குப் போன் வந்தது. பார் கிடைத்துவிட்டது, நங்கூரம் போட்டு நிற்கிறேன், கோபுரத்துக்கு நேராகக் கம்பைக் கொண்டு வாருங்கள் என்றார். வானதியின் ஒரு கையில் கம்பு, ஒரு கையில் போன். என் கையில் இன்னொரு கம்பு. வடக்கே ஒரு முழம் என்பார், நகர்வோம். அதிகமாகிவிட்டது, தெற்கே ஒரு சாண் என்பார், நகர்வோம். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது, கம்பு சாய்ந்தது. நேராப் பிடிங்க என்று போனிலிருந்து கோவிந்தராசு என்னை அதட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசின முதல் வார்த்தை அது. வெயில் உச்சிக்கு ஏறியது. எனக்குத் தோள் கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. ஆனால் கம்பை விடவில்லை.

"நில்லுங்க. அங்கயே நில்லுங்க. நடுவுல கோபுரம் தெரியுது" என்று குரல் வந்தது.

வானதி அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையால் கம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் சிமெண்டு கலந்து எடுத்துவந்து இரண்டு கம்பையும் கெட்டியாக நட்டார். மரத்தை வெட்டினதற்காக அவர் அதுவரை என்னைத் திட்டினதில்லை. அன்றைக்கும் திட்டவில்லை. ஆனால் சிமெண்டைப் பூசும்போது தேவைக்கு மேலேயே இரண்டு தடவை பூசினார்.

அந்த வாரக் கடைசியில் வானதி வீட்டிலிருந்து மறுபடியும் மீன் வாசனை வந்தது. தரகர் திரும்ப வரவில்லை. இரண்டு செருப்பு நாலானது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கோவிந்தராசு என் கேட்டுக்கு வந்து, ஓலையில் கோர்த்த ஒரு சங்கராவை நீட்டினார். என்ன விலை என்றேன். அவருக்குக் கோபம் வந்தமாதிரி இருந்தது.

"கை வெச்சவங்களுக்குப் பங்கு உண்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பாருக்குப் போய்வருகிற நாளெல்லாம் ஒரு மீன் வந்துவிடுகிறது. புளியை எவ்வளவு குறைக்கவேண்டும் என்று வானதியிடம் கேட்க இன்னும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன்.

நான் திருந்திவிட்டேனா என்றால், இல்லை. ஸ்ம்ருதி இந்த ஆடியில் கைக்குழந்தையோடு மறுபடி வந்தாள். பனை இல்லாததால் வழி தவறி என் கேட்டுக்கே வந்தாள். வானதி வீடு எது என்று கேட்டாள். பின்னால் என்று கையைக் காட்டினேன். காட்டின கையை இறக்கும்போது வயிற்றில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. மாடிக் கம்பிலிருக்கிற சேலை உப்புக்காற்றில் நைந்துபோனால் நானே வேறு சேலை கிழித்துக் கட்டுகிறேன். அதற்காக என்னை யாரும் நல்லவள் என்று சொன்னதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் வானதி மீனைக் கொடுக்க அவளே வந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. அறையில் ஏதாவது தகராறா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு என் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரை ஒண்ணு கேட்டேன்க்கா. அவ்வளவு தூரத்துல தனியா நிக்கிறீங்களே, நம்ம வீடு தெரியுமான்னு. தெரியாதாம். உங்க லாட்ஜ் மறைச்சிக்குமாம். உங்க மாடியத்தான் மொதல்ல தேடுவாராம். அது தெரிஞ்சாதான் மனசு நிம்மதியாகுமாம். ஏன் சொல்றேன் தெரியுமா, எனக்கு வயித்தெரிச்சலா இருக்குக்கா."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷமாக எனக்குள் பேசிக்கொண்டிருக்கிற குரல் அது. எல்லோரும் என் வீட்டைத் தேட வேண்டும், என் போர்டைப் பார்த்து வர வேண்டும் என்று எத்தனை நாள் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டைத் தேடுகிற ஒரே ஆள், ஒருநாளும் இங்கே அறை எடுக்கப்போகாத கோவிந்தராசுதான் போலிருக்கிறது. அதற்கும் இவள் பொறாமைப்படுகிறாள். வானதி என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்.

கேட்டைத் திறந்தேன். வராந்தாவில் கடலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியின்மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டு, உள்ளே வந்து உட்கார் என்று சொன்னேன். அவள் தயங்கினாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். நான் காபி போட உள்ளே போனேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது எந்தச் சந்தோஷம் என்று பிரித்துப் பார்க்கவில்லை.